பரணில் தூங்கும் பழைய கம்ப்யூட்டர்... ஹார்டு டிஸ்க் கார்டு வாங்கும் முன் இதைப் படிங்க!

ஸ்ரீரங்கமோ தில்லைநகரோ, உங்க வீட்டுப் பரணிலும் 2000-களில் வாங்கிய ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருக்கலாம். அக்கா கல்யாண போட்டோ, தாத்தா சதாபிஷேக வீடியோ எல்லாம் அதுக்குள்ளேதான் இருக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்க!

மதர்போர்டுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் நடுவில் நின்று டேட்டாவைக் கைமாற்றுவது கன்ட்ரோலர் சிப். பழைய மெஷினில் புது டிஸ்க்கை மாட்ட, இந்த சிப் உள்ள கார்டைத் தனியாக வாங்கிச் செருகலாம். ஆனால், எல்லா கார்டும் எல்லா மெஷினுக்கும் பொருந்தாது.

போட்டோ மட்டும் போதுமா?

அப்படின்னா கார்டே வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, 'ஐடிஇ/சாட்டா டு யுஎஸ்பி' அடாப்டர் மூலம் லேப்டாப்பில் மாட்டினால் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்குக்கு 12 வோல்ட் மின்சாரம் தேவை. அதனால், தனி பவர் அடாப்டரோடு வருவதைத்தான் வாங்கணும். 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால், கண்டிப்பாக 'கேன்சல்' கொடுங்க. டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்க. திரும்பத் திரும்ப ஆன் செய்தால், மிச்சம் இருப்பதும் போயிடும்.

மெஷினையே ஓட்டணுமா?

கடைக்குக் கிளம்பும் முன் பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினெட்டைத் திறந்து இந்த நான்கையும் பாருங்க.

1. கேபிள்: பட்டையான ரிப்பன் கேபிள், 40 பின் கனெக்டர் என்றால் ஐடிஇ. மெல்லிய கேபிள், 'எல்' வடிவ கனெக்டர் என்றால் சாட்டா. சாட்டா டிஸ்க்குகள் 2003 வாக்கில்தான் சந்தைக்கு வந்தன.

2. ஸ்லாட்: இங்கேதான் பலரும் ஏமாறுவாங்க. பழைய போர்டுகளில் இருப்பது பெரும்பாலும் நீளமான, வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட். இப்போது அதிகம் விற்பதோ பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. பெயர்தான் ஒன்று போல இருக்கும். ஒன்றில் மற்றொன்று நுழையாது. ஸ்லாட்டையும் போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் நம்பரையும் போனில் போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்க.

3. சிப்: பிசிஐ கார்டுகளில் விஐஏ விடி6421ஏ சிப் இருந்தால் இரண்டு சாட்டா, ஒரு ஐடிஇ இணைப்பு கிடைக்கும். பழைய, புது டிஸ்க் இரண்டையும் மாட்ட வசதி. ஆனால், விஐஏ-வின் சில பழைய சிப்கள் வேகமான புது டிஸ்க்கை அடையாளம் காணாது. டிஸ்க்கில் ஜம்பர் வைத்து வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைக்க வேண்டியிருக்கும். சாட்டா மட்டும் போதும் என்றால் சிலிக்கான் இமேஜ் 3112-ல் இரண்டு போர்ட், 3114-ல் நான்கு போர்ட். பிசிஐ-யின் உச்ச வேகமே நொடிக்கு 133 எம்பிதான். அதனால், விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்கி மாட்டுவது வீண் செலவு.

4. கொள்ளளவு: பழைய பயாஸ் பலவும் 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. சொந்த பயாஸ் உள்ள கார்டு போட்டால் அந்தச் சிக்கல் தீரும். ஆனால், விண்டோஸ் எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1-ஆவது இருக்கணும். இல்லாவிட்டால் 137 ஜிபியைத் தாண்டி எழுதும்போது, பழைய ஃபைல்கள் மேலேயே எழுதி அழித்துவிடும் ஆபத்து உண்டு. எக்ஸ்பிக்கு 2 டிபிக்கு மேல் வாங்காதீங்க.

கார்டு வாங்கும்போது, உங்க விண்டோஸுக்கான டிரைவர் கிடைக்குமா, அந்த கார்டிலிருந்து மெஷின் பூட் ஆகுமா, பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துப்பீங்களா என்று மூன்றையும் கேட்டுடுங்க. திருச்சியில் கிடைக்காவிட்டால், சென்னை போகிறவர்களிடம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடச் சொல்லலாம். அவங்களுக்கும் அந்த போட்டோவை அனுப்பிடுங்க.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. அதனால், அந்த மெஷினை இன்டர்நெட்டில் இணைக்காதீங்க. போட்டோக்களை இரண்டு இடங்களில் காப்பி எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு, பழைய டிஸ்க்கை முழுசா அழிச்சிட்டு எடைக்குக் கொடுங்க. அதில் அப்பாவின் பேங்க் விவரமும் இருக்கலாம்!