எடையும் நிறையும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்பது கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகளாக அதனை வழங்குவர். கோமுகியும் மணிமுத்தாறும் அங்கே பிறந்து சமவெளிக்கு இறங்குகின்றன. அம்மலையில் வாழும் பழங்குடியினர்க்கு மலையாளிகள் என்பது பெயர். ஆயினும் அவர்கள் பேசுவது தமிழே. சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிடுவர். காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்பர். நெடுங்காலம் சாகீர்தாரர்களின் கையில் இருந்த இம்மலை 1976-ஆம் ஆண்டில்தான் அரசின் நேர் நிருவாகத்துக்கு வந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது இம்மலையின் ஒரு பகுதி அதனுள் அடங்கிற்று.

அம்மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து நடுநிலைப் பள்ளிக்கு வரும் மாணவியின் முன் விரியும் அறிவியல் நூலும் தமிழில்தான் இருக்கிறது. அவள் வீட்டில் பேசுவதும் தமிழ்தான். அப்படியிருந்தும் அந்நூல் அவளுக்கு அயல்மொழி போலத் தோன்றுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

1847-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஷ் கிறீன் என்னும் மருத்துவர், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்; அவற்றுக்கு வேண்டிய சொற்களை மாணவர்களையும் துணைக்கொண்டு தொகுத்தார். வேதியியல் நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’ என்பது. இன்று கேட்டால் நமக்கு நகைப்பு வரும். ஆனால் ஒரு துறைக்கே தமிழில் பெயர் இல்லாத நாளில் பாடத்தை நிறுத்தி வைக்காமல் நடத்தியவர் அவர் என்பதை எண்ணின் நகைப்பு அடங்கிவிடும்.

அடுத்த முயற்சி கல்வராயன் மலைக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. 1916-ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கூடித் தமிழ்ச் சாத்திரப் பரிபாடைச் சங்கத்தைத் தொடங்கினர். தமிழ்ச் சொற்களை ஆராய அவர்கள் நடத்திய இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது! அக்காலத்துக் கற்றோர் எந்த மொழியில் சிந்தித்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பின்னர், உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி பயிற்றுமொழியாகிய காலத்தில், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் சுவாமி விபுலானந்தரைத் தலைவராகக் கொண்டு உழைத்து, 1938-இல் கலைச்சொற்கள் தொகுதியை வெளியிட்டனர். 1940-இல் அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழிச் சொற்களின் பக்கம் சாய்ந்தது என்று பெருங்கிளர்ச்சி எழுந்தது. பூகோளம் புவியியலானதும், இரசாயனம் வேதியியலானதும், பௌதிகம் இயற்பியலானதும் இந்த நெடும் போராட்டத்தின் விளைவுகளே.

அவ்வழக்கில் நான் தமிழ்ச் சொற்களின் பக்கம் நிற்பவன். எனினும் ஒன்று சொல்ல வேண்டும். அறிஞர்கள் வாதிட்டதெல்லாம் சொல்லின் குலத்தைப் பற்றி. அந்தச் சொல் பத்து வயதுப் பிள்ளையின் காதில் விழும்போது என்ன நேர்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு எழவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மலைப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பில் ஒரு காலைப்பொழுது அமர்ந்திருந்தேன். “காரத்துக்கு எடுத்துக்காட்டுக் கூறுக” என்றார் ஆசிரியர். “மிளகாய்” என்றாள் ஒரு மாணவி. வகுப்பு சிரித்தது. அவள் அன்று அதன் பின் வாய் திறக்கவில்லை. அவள் சொன்னதில் பிழை யாது? அவள் வீட்டில் காரம் என்றால் மிளகாய்தான். சலவைத் தொழிலாளர் துணி வெளுக்கக் கொண்ட உவர்மண்ணையும், ஈழத்தார் சோப்பைச் சவர்க்காரம் என்று அழைப்பதையும் முதலில் சொல்லியிருந்தால், காரம் என்னும் சொல்லுக்கு அவள் அறியாத வேறொரு பொருளும் தமிழிலேயே உண்டென்பது விளங்கியிருக்கும்.

புதிய சொல் பிள்ளைகளை அவ்வளவாக இடர்ப்படுத்துவதில்லை. ‘ஒளிச்சேர்க்கை’ என்றால், தெரியாத சொல் என்பது அவர்களுக்கே தெரியும், கேட்டுக் கொள்வார்கள். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் இடர். இலக்கண வகுப்பில் வினை என்றால் ஒன்று. வேதியியலில் வேதிவினை என்றால் மற்றொன்று. பாட்டி சொல்லும் வினையோ முன்பிறவியைச் சேர்ந்தது. விறகுச் சுமையைத் தலையில் தாங்கி அசையாது நிற்பவள் வேலை எதுவும் செய்யவில்லை என்று இயற்பியல் கூறும். சுமையோடு மலையேறுகிறவளுக்கு இதனை எப்படிச் சொல்வது?

எடை, நிறை என்னும் இரண்டையும் பாருங்கள். பேச்சில் இரண்டும் ஒன்றே. பாடநூலிலோ, நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. எடை என்பது அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசை. மாணவர் பலர் இதனை நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். ஆனால் சொற்களையே சற்று உற்று நோக்குங்கள். எடை, எடுத்தல் என்பதிலிருந்து வந்தது. தூக்கும்போது கை உணரும் கனம் அது. நிறை, நிறுத்தல் என்பதன் உறவு. தராசில் வைத்து ஒப்பிட்டு அறிவது அது. நிலவில் நின்று ஒரு படி சாமையைத் தூக்கினால், இங்குள்ள கனத்தில் ஆறில் ஒரு பங்கே கைக்குத் தெரியும். அதே சாமையை அங்கே இருதட்டுத் தராசில் இட்டு நிறுத்தால், இங்கு இட்ட படிக்கற்களே அங்கும் சமன் செய்யும். ஏனெனில் கற்களின் கனமும் அதே அளவு குறைந்துவிடுகிறது. ஆக, எடுத்தலால் அறிவது மாறிற்று. நிறுத்தலால் அறிவது மாறவில்லை. இவ்விரு சொற்களைத் தெரிந்தெடுத்தவர் இதனை எண்ணித்தான் எடுத்தாரோ, அல்லது தமிழே அவருக்கு எடுத்துக் கொடுத்ததோ!

இப்போது வெளிவரும் பாடநூல்களின் பாட இறுதியில் கலைச்சொற்கள் பட்டியலிடப் பெறுகின்றன. எதிரே ஆங்கிலச் சொல் நிற்கிறது. நன்று. அதனருகே, வீட்டில் அச்சொல் வழங்கும் பொருளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். அதனை நிரப்பப் பிள்ளைகளையே விடலாம்.

அப்பள்ளியில் பிற்பகல் வகுப்பின்போது, சிரிப்புக்கு ஆளான அம்மாணவியின் புத்தகப் பையில் சில கடுக்காய்கள் கிடந்ததைக் கண்டேன். தோல் பதனிடுவதற்கென வணிகர் வாங்கிச் செல்லும் காய்கள் அவை. பழைய நாளில் கடுக்காய்ச் சாற்றோடு அன்னபேதியைக் கலந்து எழுதும் மை காய்ச்சினர். காயிலுள்ள துவர்ப்புப் பொருளும் அன்னபேதியிலுள்ள இரும்பும் கூடிக் கறுக்கின்றன. அரிவாளால் கடுக்காயை நறுக்கினால் அலகு என்னவாகும் என்று அவளைக் கேட்டேன். “கறுத்துப் போகும், கழுவினாலும் போகாது” என்றாள். ஆசிரியர் கரும்பலகையில் ‘வேதிவினை’ என்று எழுதத் தொடங்கினார்.