பிவிசி வேலி: துரு பிடிக்காது சரி... வெயிலைத் தாங்குமா?

கடலோரத்தில் இரும்பு வேலி போட்டால், உப்புக்காற்று சீக்கிரமே அதைத் தின்றுவிடும். பிவிசி வேலியில் அந்தத் தொல்லை இல்லை. துரு பிடிக்காது, கரையானும் அரிக்காது. ஆனால் இதற்கும் ஒரு எதிரி உண்டு. அதுதான் வெயில்!

வெயிலில் என்ன ஆகும்?

புற ஊதாக் கதிர்கள் படப்பட, பிவிசி மெல்லச் சிதையும். முதலில் மஞ்சளாகும், மேலே மாவு பூக்கும், கடைசியில் லேசா தட்டினாலே உடையும். இதைத் தடுக்கத்தான் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைக் கலக்கிறார்கள். இது குறைந்தால் ஆயுளும் குறையும்.

சூட்டில் வளையுமா?

பிவிசி இளகத் தொடங்குவது சுமார் 80 டிகிரி செல்சியஸில். நம்ம ஊர் வெயில் அவ்வளவு போகாது. ஆனால் அடர் நிறப் பலகை, வெள்ளையை விட அதிகம் சூடேறும். வெப்பம் 30 டிகிரி கூடினால் 8 அடிப் பலகை சுமார் 4 மி.மீ. நீளும். தூணில் இடைவெளி விடாமல் இறுக்கிப் பொருத்தினால் நெளிந்துவிடும்.

குளிர், புயல்?

கடுங்குளிரில் அடிபட்டால் விரிசல் விடும். இடைவெளியே இல்லாத வேலியில் புயல் காற்று முழுசா மோதும். இடைவெளி விட்ட வேலியில் காற்று புகுந்து போய்விடும்.

வாங்கும் முன்...

உத்தரவாதத்தில் மஞ்சளாவதும் விரிசலும் அடங்குமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.