செவி வகுத்த அளவுகோல்

1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பில் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு தொடங்கிற்று. அக்காலத்தில் நகர வீதிகளில் மின்சார ட்ராம் வண்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. ட்ராம் வண்டியின் மின்தொடுகையில் எழும் பொறி, அண்மையிலுள்ள வானொலிப் பெட்டியிற் கரகரப்பாக ஒலிக்கும் இயல்பினது. மின்சாரமும் வானொலியும் ஒருங்கே பரவிய நகரங்கள் யாவும் இச்சிக்கலை எதிர்நோக்கின.

இதற்குத் தீர்வு காண, 1934ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் 'சிஸ்பர்' எனும் அனைத்துலகக் குழு முதன்முறையாகக் கூடியது. இரைச்சலுக்கு எல்லை வகுக்குமுன் அதனை எவ்வாறு அளப்பது என்பதே முதல் வினாவாயிற்று. எப்போதாவது கேட்கும் வெடிப்பொலியை நேயர் பொறுத்துக்கொள்வார். அதே வலிமையுள்ள ஒலி அடுத்தடுத்து வருமாயின் பொறார். உச்ச உணரி துடிப்பின் உச்சத்தை மட்டுமே காட்டுவதால் நேயரின் தொல்லையை மிகைப்படுத்தும்; சராசரி உணரியோ அதனைக் குறைத்துக் காட்டும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக அமைந்ததே 'குவாசி பீக்' எனப்படும் உச்சநிகர் உணரி. 150 கிலோ ஹேட்ஸ் முதல் 30 மெகா ஹேட்ஸ் வரை, அதன் ஏற்றத்திற்கு 1 மில்லி செக்கனும் இறக்கத்திற்கு 160 மில்லி செக்கனும் விதிக்கப்பட்டுள்ளன. விரைந்து ஏறி மெல்ல இறங்குவதால், துடிப்புகள் நெருங்கி வருகையில் அதன் அளவீடு உயரும். அரிதாக வருகையில் தாழும்.

எனினும் இவ்வுணரி மெதுவாக இயங்குவது. ஆதலால் இன்றைய ஆய்வுகூடங்கள் முதலில் உச்ச உணரியால் அலைவரிசை முழுவதையும் துருவுகின்றன. உச்ச அளவீடு உச்சநிகர் அளவீட்டிலும் குறைவதில்லை. எனவே அதுவே உச்சநிகர் எல்லைக்குள் அடங்குமாயின், அவ்வெல்லையைப் பொறுத்தவரை மறு அளவீடு வேண்டியதில்லை. மீறும் இடங்களில் மட்டும் உச்சநிகர் உணரி பயன்படுகிறது. மின்கம்பி வழியே செல்லும் இரைச்சலுக்குச் சராசரி எல்லையும் தனியே உண்டு. இடையறாத குறுகிய அலைகளை அது பிடித்துக்கொள்ளும். 1 கிகா ஹேட்சுக்கு மேலோ உச்சமும் சராசரியுமே பொதுவாக அளக்கப்படுகின்றன.

கொழும்பில் ட்ராம் சேவை 1960இல் நின்றுபோயிற்று. மத்திய அலை நேயரும் அருகிவிட்டனர். ஆயினும் நுகேகொடைக் கடையில் விற்கப்படும் எல்.ஈ.டி. விளக்கு அனைத்துலக நியமப்படி சோதிக்கப்படுமாயின், அந்த நேயரின் செவிக்கென வகுத்த அளவுகோலே அதற்கும் இன்னும் பொருந்துகிறது. இன்று இரைச்சலாற் பெரிதும் தாக்குண்பது எண்முறைத் தொடர்பாகும். அதற்குச் செவியில்லை, தரவிற் பிழை நேர்வதே அதன் தொல்லை. இதனைக் கருதியே வர்க்கமூலமும் சராசரியும் இணைந்த உணரியொன்று பிற்காலத்தில் நியமத்திற் சேர்க்கப்பட்டது.

ஆகவே உணரியைத் தெரிவு செய்வோர், எவருடைய தொல்லையை அளக்க முற்படுகின்றோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். அத்தெளிவின்றேல் நல்ல கருவி தள்ளுண்ணும். தீய கருவி தேறிவிடும்.