கீதாரி வந்த வயல்

தஞ்சாவூர்ச் சீமையின் மண் காவிரி வண்டலால் மட்டுமே கொழுத்தது என்று எழுதுகிறவர்கள் கீதாரியை மறந்துவிடுகிறார்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுத்து, அதன் ஈரத்தில் தெளித்த உளுந்தையும் பிடுங்கிய பிறகு சித்திரை வெயிலில் வயல் சும்மா கிடக்கும். அப்போதுதான் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து செம்மறி மந்தைகள் நடந்து வரும். அங்கே மேய்ச்சல் காய்ந்துபோயிருக்கும். இங்கே தாளும் வரப்புப் புல்லும் மிச்சம் இருக்கும். வறண்ட சீமைக்கும் நீர்ச் சீமைக்கும் இருந்த உடன்படிக்கை அது. எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான்.

மந்தைக்குத் தலைவர் கீதாரி. எந்த வயலில் எத்தனை ராத்திரி என்று அப்பா அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிப்பார். கூலி அப்போது நெல்லாகவே போகும். பொழுது சாய்ந்ததும் ஆடுகளை வயலில் அடைப்பார்கள்; அதுதான் கிடை. குட்டிகளுக்குத் தனிக் கூடு. மறுநாள் கிடை அடுத்த துண்டுக்கு நகரும். புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குவதுதான் கிடையின் பலம். ஆனால் விடிந்ததும் மேலாக ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் மூத்திரத்தில் உள்ள தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். அப்பாவுக்கு அம்மோனியா தெரியாது. கிடை நகர்ந்த வயலில் ஏர் பூட்டத் தாமதித்தால் கோபம் வரும். ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்பார்கள். இதோடு உரமாகக் கொழிஞ்சி விதைப்பு, பூவரசு, வேம்பு, எருக்கந் தழை.

இந்த அறிவை வெள்ளைக்காரரும் பார்த்தார்கள். 1889இல் இந்திய வேளாண்மையை ஆராய வந்த வோல்க்கர், நம் உழவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்றே 1893 அறிக்கையில் எழுதினார். எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறுவதால் மண்ணின் சத்து நாட்டை விட்டுப் போகிறது என்ற கவலையும் அதில் உண்டு. 1906இல் இராணிப்பேட்டையில் பாரி கம்பெனி உரத் தொழிற்சாலை தொடங்கியும், எங்கள் பக்கத்து வயல்கள் வெகுகாலம் கிடையையும் தழையையும் நம்பியே இருந்தன.

மாற்றம் வந்தது 1960க்குப் பிறகு. நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்றாகி ‘பேக்கேஜ் திட்டம்’ வந்தது. விதை, உரம், கடன் எல்லாம் ஒரே மூட்டையாக வந்தன. பழைய சம்பா நெல் ஆள் உயரம் வளரும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் சாய்ந்துவிடும். ஆடுதுறை 27, அதன் பின்னால் ஐ.ஆர். 8 என்று வந்த ரகங்கள் உரத்தைத் தாங்கி நின்றன. அதனால், கிடையை விரட்டியது யூரியா என்பதைவிட விதை என்பதே சரி. குட்டை நெல்லில் வைக்கோல் குறைந்தது. வைக்கோல் குறைய மாடு குறைந்தது. டிராக்டர் வந்து மிச்ச மாட்டையும் கொட்டிலைவிட்டு அனுப்பியது. ஆழ்குழாய்த் தண்ணீர் உள்ளவர்கள் கோடையிலும் நட்டார்கள். கிடை போட வெறும் வயல் எங்கே?

அந்தத் தலைமுறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1965, 66இல் மழை பொய்த்து நாடே அமெரிக்கக் கோதுமைக்குக் கையேந்திய காலம். பசித்த வயிற்றுக்கு நெல் தேவைப்பட்டது, அதை விளைவித்தார்கள். அதற்குப் பிறகும் யூரியா கொட்டுவதை நிறுத்தத் தெரியாமல் போனதுதான் கேடு. 2010இல் மற்ற உரங்களுக்கான மானியத்தை மாற்றியபோது அரசு யூரியாவைத் தொடவில்லை. மற்றவற்றின் விலை ஏற ஏற, 45 கிலோ யூரியா மூட்டை 300 ரூபாய்க்குள்ளேயே நின்றது. மலிவானதைத்தானே கை எடுக்கும்? எரு விழாத மண்ணில் கரிமச் சத்து குறையும்; அது 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் மண்வள அட்டை ‘குறைவு’ என்று சொல்லும். என் வயலின் அட்டையும் அதையே சொல்கிறது.

கீதாரிகள் இன்னும் வருகிறார்கள். இப்போது ரொக்கம்தான் கேட்கிறார்கள், நியாயமான கூலிதான். கோடை நடவை ஒரு வருஷம் விட்டுவைத்து, உளுந்து பிடுங்கிய கையோடு அவர்களைக் கூப்பிடுங்கள். பேசிய கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். மந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் காட்டுங்கள். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12க்கு முன்னால் மண் வயிறார ஒரு வேளை சாப்பிடட்டும்.