காற்றுக்காகக் கட்டிய ஊர்

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. நெரிசலான பேட்டைகளிலும் தண்டுப் (கண்டோன்மென்ட்) பகுதியிலும் சாவு பெருகவே, ஊரை விரித்துக் கட்டும் எண்ணம் வலுத்தது. 1906 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டி, அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைச் சூட்டிய பிரேசர் டவுன் அப்படிப் பிறந்ததுதான். அகலமான தெரு, வீட்டுக்கு வீடு இடைவெளி, நல்ல காற்றோட்டம் என்று அதன் பெருமையை இன்றும் சொல்வார்கள். கெட்ட காற்றுதான் நோயைக் கொண்டுவருகிறது என்ற பழைய நம்பிக்கை அந்தப் பெருமைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளேக் குடியிருந்தது காற்றில் அல்ல, சுவரிலும் தரையிலும் என்பதே என் வாதம்.

காற்றுக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளின் மூன்று நிலைகளிலிருந்தே பார்க்கலாம். வாயுவின் மூலக்கூறுகளுக்கிடையே பிடிப்பு மிகக் குறைவு. கிடைத்த இடமெல்லாம் பரவிவிடும். அதை வெளியேற்ற எதிரெதிராக இரண்டு சன்னல் இருந்தால் போதும். நீர்மத்தின் மூலக்கூறுகள் நெருங்கியிருந்தும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்பவை. அதனால்தான் சாக்கடைக்குக் கொத்தனார் வாட்டம் பார்க்கிறார். திடப்பொருளில் அவை இருந்த இடத்திலேயே அதிரும், இடம் மாறுவதில்லை. சுவர் நிற்பது அதனால்தான். எலி குடைந்த வளை தூர்ந்துபோகாமல் நிலைப்பதும் அதே காரணத்தால்தான். மண்சுவரும் திடம், கருங்கல்லும் திடம், ஆனால் எலியின் பல்லுக்கு இரண்டும் ஒன்றல்ல. பிளேக் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருகிறது என்பதை 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் காட்டியபோது பலர் ஏற்கவில்லை. 1905இல் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழு பம்பாயில் சோதித்துப் பார்த்தது. பூச்சி நுழைய முடியாத நுண்வலைக் கூண்டுக்குள் வைத்த விலங்குகள், பிளேக் பரவிய இடத்திலும் தப்பின. காற்று அந்த வலைக்குள் தாராளமாகப் போய்வந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அகலத் தெருக்கள் வீணா என்று கேட்கலாம். இல்லை. நெரிசல் குறைந்தால் எலிக்குப் பதுங்கவும் தின்னவும் கிடைப்பது குறையும். இடைவெளி உதவியது, ஆனால் திட்டமிட்டவர்கள் நினைத்த காரணத்துக்காக மட்டுமல்ல. நகரின் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் பின்னாளில் பிளேக் அண்டாத ஊரமைப்பு பற்றித் தனி நூலே எழுதினார். இன்னொரு மறுப்பு வலுவானது: நுரையீரல் பிளேக் ஒருவர் இருமினால் அடுத்தவருக்குத் தொற்றுகிறதே, அது காற்று வழிதானே? இருமலில் தெறிப்பது நீர்மத் துளி; காற்று அதைச் சுமக்கிறது, அவ்வளவே. இந்தியாவில் அன்று பெருவாரியாகக் கொன்றது நெறிகட்டும் பிளேக், நுரையீரல் வகை அல்ல. நுரையீரல் வகை வெறியாட்டம் போட்டது 1910–11இல் மஞ்சூரியாவில். அங்கே பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென்தே, பஞ்சும் துணிவலையும் அடுக்கிய முகக்கவசத்தை மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கட்டவைத்தார். மூச்சு அதன் வழியே போய்வந்தது, துளி துணியில் தங்கியது.