கைமாற்றுவது வேறு, கைகழுவுவது வேறு



பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடம் ஒன்றைக் கண்டால் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: "சபை செய்யாது. எங்களிடம் தந்தால் நாங்களே நடத்துவோம்." அப்படிச் சொல்லி, அதற்காகப் போராடிய ஓர் ஊரின் வரலாற்றை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கோவன்ஹில் என்றொரு பகுதி இருக்கிறது. தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த மாடிக் குடியிருப்புகள் நிறைந்த இடம். நூறு வருடங்களுக்கு முன்னர் அந்த வீடுகள் பலவற்றில் குளியலறை கிடையாது. அதனால் நகர நிருவாகம் அங்கே ஒரு பொதுக் குளியலகத்தைக் கட்டி, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் திறந்தது. மூன்று நீச்சல் தடாகங்கள், குளிப்பதற்குத் தனித்தனி அறைகள், பெண்கள் உடுப்புக் கழுவ ஒரு கூடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பெண்களுக்கென்றே ஒரு தடாகம் இருந்தது.

காலம் மாறியது. வீடுகளுக்குள் குளியலறை வந்தது. ஐரிஷ்காரரும் யூதரும் குடியேறிய அதே தெருக்களுக்குப் பிறகு பாகிஸ்தானிய முஸ்லிம்கள் வந்தார்கள். ஆனால் குளியலகம் தேவையற்றதாகிவிடவில்லை. பிள்ளைகள் நீந்தப் பழகியது அங்கேதான், அயலவர்கள் ஒருவரையொருவர் கண்டு பேசியதும் அங்கேதான்.

2001இல் மாநகர சபை அதை மூட முடிவெடுத்தது. பழைய கட்டடம், திருத்தச் செலவு அதிகம் என்பது சபையின் நியாயம். மக்கள் ஏற்கவில்லை. மார்ச் மாதம் கட்டடத்துக்குள் புகுந்து அமர்ந்தார்கள். முறை வைத்து இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். ஏறத்தாழ 140 நாட்கள்! ஓகஸ்ட் மாதம் பெரும் பொலிஸ் படையுடன் வந்து அவர்களை வெளியேற்றினார்கள்.

தோற்றுவிட்டார்கள் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் கட்டடம் இடிக்கப்படவில்லை. போராடியவர்களும் கலைந்து போகவில்லை. "மூடாதே" என்ற கோஷம் மெல்ல "எங்களிடம் தா" என்று மாறியது. சில வருடங்களில் அவர்கள் ஒரு சமூக நம்பிக்கை நிதியத்தை அமைத்தார்கள். நம் பள்ளிவாசல்களுக்கு நம்பிக்கையாளர் சபை இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சொத்து ஊருக்குரியது, பொறுப்பாளர்கள் அதைப் பராமரிப்பவர்கள் மட்டுமே.

2012இல் கட்டடத்தின் ஒரு பகுதி மீண்டும் திறந்தது. தண்ணீர் இல்லாத தடாகத்துக்குள் நாடகம் போட்டார்கள், கண்காட்சி வைத்தார்கள். வகுப்புகள் நடந்தன. வெறிச்சோடிக் கிடந்த இடத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

இதோடு கதை சுபமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அவர்கள் கேட்டது நாடக மேடையை அல்ல, நீச்சல் தடாகத்தை. கூரையையும் தடாகங்களையும் திருத்த மில்லியன் கணக்கில் பவுண் தேவைப்பட்டது. அரசாங்க மானியம், பாரம்பரிய நிதி, நன்கொடை என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருந்தது. 2001இல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நீந்த வந்த பிள்ளை, இருபது வருடங்கள் கடந்தும் அங்கே மறுபடி நீந்த முடியவில்லை. திறப்பு கைக்கு வந்தால் பணமும் தானாக வந்துவிடாது.

இதற்கிடையில் ஸ்கொட்லாந்தில் சட்டமும் மாறியது. 2015ஆம் ஆண்டின் சமூக வலுவூட்டல் சட்டம், பொது நிறுவனங்களின் கட்டடத்தையோ காணியையோ கேட்டு விண்ணப்பிக்கும் உரிமையை ஊர் அமைப்புகளுக்குக் கொடுத்தது. 2017 ஜனவரியில் இது நடைமுறைக்கு வந்தது. மறுப்பதற்கு நியாயமான காரணம் இல்லையென்றால் கேட்டதைக் கொடுத்தேயாக வேண்டும். ஆனால் கேட்கும் அமைப்புக்கும் நிபந்தனை உண்டு. அங்கத்துவம் ஊரார் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இலாபம் ஊருக்கே போக வேண்டும். சொத்தை உரிமையாகவே வாங்கிய அமைப்பு கலைந்தால், மிஞ்சுவதை அங்கத்தவர்கள் பங்கு போட முடியாது.

வக்ஃபு பற்றி அறிந்த நமக்கு இது புதிதல்ல. வக்ஃபு செய்த பெரியவர்கள் பலர் கட்டடத்தோடு நிற்காமல், அதைப் பராமரிக்க வருமானம் தரும் கடையையோ தோட்டத்தையோ சேர்த்தே எழுதி வைத்தார்கள். வருமானம் இல்லாத கட்டடம் ஒழுகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, நாளை யாராவது நம்மிடம் ஒரு பழைய கட்டடத்தின் திறப்பை நீட்டினால், மாலை போட்டுப் படம் எடுக்க முன்னர் கேட்போம். எத்தனை வருடங்களுக்கு? கூரையை யார் திருத்துவது? மாதாந்த மின்கட்டணத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? கணக்கை ஊர் பார்க்க முடியுமா? அடுத்த தெருப் பெண்களும், வேற்றுச் சமூகத்தவரும் உள்ளே வரலாமா?

இவற்றுக்குப் பதில் இருந்தால் அது கைமாற்றுவது. பதில் இல்லையென்றால் அது கைகழுவுவது. கோவன்ஹில் மக்கள் இந்த வித்தியாசத்தைப் படிக்க இருபது வருடங்களுக்கு மேல் செலவழித்தார்கள். நாம் வாசித்தே படித்துக்கொள்ளலாம்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.