சுஜாதா சீனிவாசன்

சென்னை ஐஐடியின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர். நடக்கவும் நிற்கவும் இயலாதவர்களுக்கான கருவிகளை உருவாக்கும் ஆய்வாளர். அடையாறை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் 'ஆர்2டி2' எனப்படும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையத்தை வழிநடத்துகிறார்.

அதே ஐஐடியில் பி.டெக். முடித்து அமெரிக்கா சென்றவர். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 2007இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் மனித நடையைக் கணித மாதிரிகளாக்கி, முழங்காலுக்குக் கீழே காலை இழந்து செயற்கைக் கால் அணிந்தவர்களின் நடையை ஆராய்ந்தார்.

முழங்காலுக்கு மேலேயே காலை இழந்தவர்களின் பாடு இன்னும் கடினம். கதவுக் கீல்போல ஒரே அச்சில் மடங்கும் மூட்டு, எடை வைக்கும்போது சட்டென மடிந்து ஆளைத் தள்ளிவிடும். அந்தப் பயத்தில் மூட்டைப் பூட்டிக்கொண்டே நடப்பவர்கள் உண்டு. விறைத்த காலை முன்னே கொண்டுவர ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைத் தூக்க வேண்டும், அல்லது காலைப் பக்கவாட்டில் சுழற்றி வீச வேண்டும். நாளடைவில் இடுப்பும் முதுகும் நோகும்.

இதற்கு விடையாக 2022 ஆகஸ்டில் வந்தது 'கதம்'. இந்தியில் காலடி என்று பொருள். உள்நாட்டிலேயே உருவான முதல் பல அச்சு முழங்கால் மூட்டு இது. உயிர்மருத்துவத் தொழில்நுட்பச் சங்கமும் பெங்களூரின் மொபிலிட்டி இந்தியாவும் இதில் பங்காளிகள். இதன் நான்கு இணைப்புகளும் சேர்ந்து இயங்குவதால், மூட்டு எந்தப் புள்ளியைச் சுற்றி மடங்குகிறதோ அந்தப் புள்ளியே மடங்க மடங்க இடம் மாறுகிறது. குதிகால் பதியும்போது அது உயரத்தில், உடல் எடை இறங்கும் கோட்டுக்குப் பின்னால் இருக்கும். மூட்டு மடியாமல் தாங்கும். காலை வீசும்போது கீழ்க்கால் சற்றே குறுகும். விரல் தரையில் தட்டாது. தி.நகர் நடைபாதையில் பெயர்ந்து நிற்கும் ஒரு கல்லைத் தாண்ட அந்தச் சிறு இடைவெளி போதும். 160 டிகிரி வரை மடங்குவதால் பேருந்திலும் ஆட்டோவிலும் காலை நீட்டி அவதிப்பட வேண்டியதில்லை. பேட்டரியோ மின்னணுச் சில்லோ இல்லாத இத்தகைய மூட்டே நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் மழைக்கும் ஏற்றது.

இதற்கு முன்பே, 2019 நவம்பரில், இதே மையம் வடிவமைத்து, வெல்கம் டிரஸ்ட் உதவியோடு, ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பாக 'அரைஸ்' சக்கர நாற்காலி வெளியானது. அப்போதைய விலை ஏறத்தாழ 15,000 ரூபாய். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவருக்குப் புண் வரும், எலும்பு வலுவிழக்கும், ரத்த ஓட்டம் மந்தமாகும். இந்த நாற்காலியில் அமர்ந்தவர் பிறர் கைப்பிடிக்காமல் தானே எழுந்து நிற்கலாம். எதிரே நிற்பவரைக் கண்ணுக்கு நேர் பார்த்துப் பேசலாம். அதன் மதிப்பு எந்த மருத்துவக் குறிப்பிலும் ஏறாது.

மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனத்தின் 'நியோஃபிளை' நாற்காலியில் 'நியோபோல்ட்' மோட்டாரை முன்னே மாட்டிக்கொண்டால், அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோ தேடாமல் போய் வரலாம். 2025இல் மையத்தின் 9 கிலோ எடையுள்ள 'ஒய்டி ஒன்' நாற்காலி வெளிவந்தது.